பேங்க் பூட்டிய குடோன்

போன மாதம் துடியலூர் காப்பிக் கடையில் நாம் நண்பர்கள் கூடியபோது நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதில் தப்பில்லை. பெருந்துறையில் அட்டைப்பெட்டிக் கம்பெனி நடத்தும் நம் நண்பர், பேங்க்குக்குக் கொடுக்கும் சரக்குக் கணக்கில் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தரும்படி கேட்டார். “எல்லாரும் செய்யறதுதானுங்க அக்கா. அடுத்த மாசம் சரி பண்ணிப்போடலாம்” என்றார். முடியாது என்றேன். சொல்லும்போதே கையில் இருந்த காப்பி தளும்பிப் புடவையில் கொட்டியது. “முப்பது வருசமா ஊர்க் கணக்கெல்லாம் எழுதறீங்க, ஒரு வரிக்கு இத்தனை பயமா?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தீர்கள்.

பயம்தான். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். நம் வயதில் காப்பிக் கடையில் உட்கார்ந்து அழுவது நன்றாக இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் ரோட்டில் எங்களுக்கு ஒரு கொப்பரைக் களம் இருந்தது. தோட்டக்காரர்களிடம் தேங்காய் வாங்கி, உரித்து உடைத்து, வெயிலில் காயப்போட்டு, பருப்பைத் தோண்டி மூட்டை கட்டிக் காங்கேயத்து எண்ணெய் மில்லுக்கு அனுப்புவது அப்பாவின் தொழில். களத்தின் ஒரு மூலையில் எங்கள் ஓட்டு வீடு. எதிர் மூலையில் குடோன். நடுவில் வெள்ளை வெளேரென்று தேங்காய் மூடிகள் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். உடைத்த அன்றைக்குப் பால் வாசம். இரண்டு நாளில் லேசான புளிப்பு. ஒரு வாரம் ஆனால் எண்ணெய் வாசம் எழுந்து, துணி, தலையணை, தயிர்ச்சோறு எல்லாவற்றிலும் ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்னைக் கொப்பரை என்றே கூப்பிடுவாள்.

அப்பா நன்றாகப் பேசுவார். தோட்டக்காரர் யார் வந்தாலும் உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்து, குடும்பத்தில் ஒவ்வொருவரையும் விசாரித்து அனுப்புவார். பணம் என்று வந்தால் மட்டும், “என்ற ஊட்டு மேனேஜரம்மாவக் கேட்டுச் சொல்றேனுங்க” என்று சிரித்துக்கொண்டே நழுவுவார். அந்த மேனேஜரம்மா என் அம்மா. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் முந்தின நாள் கணக்கை எழுதி முடித்துவிடுவாள். கூட்டல் சரியாக வந்தால்தான் காப்பி. வராத நாளில் எனக்கும் அப்பாவுக்கும் வெறும் தண்ணீர்.

அந்த வருசம் கொப்பரை விலை விழுந்தது. விலை ஏறும்போது விற்கலாம் என்று அப்பா நூற்றிருபது மூட்டையைக் குடோனில் அடுக்கி, அதன் பேரில் பேங்க்கில் கடன் வாங்கியிருந்தார். உங்களில் பழைய ஆட்களுக்கு அந்தக் கடன் தெரிந்திருக்கும். சரக்கு நம் குடோனிலேயே இருக்கும். ஆனால் கதவில் பேங்க் தன் பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடும். பணம் கட்டினால்தான் மூட்டை வெளியே வரும்.

பேங்க்கிலிருந்து சாவி கொண்டு வருகிறவரை நான் சாவிக்காரர் என்று சொல்வேன். ஒல்லியான மனிதர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சைக்கிளில் வருவார். கதவைத் திறந்து, வாசலில் நின்றபடியே மூட்டைகளை வரிசை வரிசையாக எண்ணுவார். திரும்பப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, கைக்குட்டையால் துடைப்பார். அம்மா கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு, “வாரேனுங்க அம்மணி” என்று சொல்லிப் போவார்.

லீவு விட்ட வாரத்திலேயே தோட்டக்காரர்கள் பாக்கி கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. இளநீரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குடிக்காமல் போனார். அப்பாவின் முகம் அன்று தொங்கிப்போனது.

மறுநாள் வியாழக்கிழமை. பொள்ளாச்சிச் சந்தை. வேலையாட்களுக்கு மத்தியானத்தோடு லீவு. அம்மாவும் அவர்களோடு பஸ் ஏறிச் சந்தைக்குப் போய்விடுவாள். களம் காலியானதும் அப்பா என்னைக் குடோனின் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே தேங்காய் மட்டை மலையாகக் குவிந்திருக்கும். குவியலுக்கு மேலே, கூரையை ஒட்டிக் காற்று போவதற்காக ஒரு சின்ன ஜன்னல். அதில் நான்கு கம்பிகள். ஒரு கம்பியை அப்பா ஏற்கெனவே வளைத்து வைத்திருந்தார்.

“கண்ணு, இதுக்குள்ள நீ போவியா?”

தலை நுழைந்தால் உடம்பு நுழையும் என்று அவரே சொன்னார். நுழைந்தது.

“இது திருட்டா அப்பா?” என்று உள்ளே போவதற்கு முன்னால் கேட்டேன்.

“சரக்கு நம்முளுது சாமி. பூட்டு மட்டுந்தான் அவங்களுது. பணங்கட்டாம சரக்கு வராது. சரக்கு விக்காம பணம் வராது. நான் என்ன பண்ணட்டும் சொல்லு? கொஞ்சம் வித்துப் பணம் வந்ததும் எல்லாத்தயும் சரி பண்ணிப்போடறேன்.” பிறகு என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். “ஆரு வந்தாலும் சத்தம் போடக் கூடாது. பேங்க்குக்காரங்க பாத்தா அப்பாவக் கையில வெலங்கு போட்டுக் கூட்டிப் போயிருவாங்க. அம்மாளுக்கும் தெரியக் கூடாது. அவ தாங்கமாட்டா.”

குடோனுக்குள் இருட்டு. கூரைத் தகரம் காய்ந்து, உள்ளே மூச்சு இழுத்தால் தொண்டையில் எண்ணெய் ஒட்டும். எங்கோ எலி ஓடும். எனக்கு எலியைவிடப் பாம்புதான் பயம், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும் என்பதால். கடைசி வரிசையில் ஒரு மூட்டையைப் பிரித்து, கொப்பரையைச் சின்னக் கூடையில் அள்ளி, மூட்டைகள் மேல் ஏறி ஜன்னல் வழியாக அப்பாவிடம் நீட்ட வேண்டும். அவர் வெளியே வேறு சாக்கில் கொட்டிக்கொண்டு, அதே கூடையில் பருப்புத் தோண்டிய தேங்காய்த் தொட்டிகளையும் மட்டையையும் போட்டுத் தருவார். நான் அவற்றைப் பழைய சாக்குக்குள் திணித்து, சாக்கு ஊசியால் வாயைத் தைத்துவிடுவேன். பார்வைக்கு எல்லாம் ஒரே மூட்டைதான். வாசலில் நின்று எண்ணுகிற சாவிக்காரருக்குக் கடைசி வரிசையில் சாக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வியாழக்கிழமைக்கு இரண்டு மூட்டை. சில நாள் மூன்று. நிரம்பிய சாக்கைச் சைக்கிள் கேரியரில் கட்டி, முக்கால் மைல் தள்ளியிருந்த லாரி செட்டுக்கு அப்பா தள்ளிக்கொண்டு போவார். அவர் திரும்புவதற்குள் நான் அடுத்த மூட்டையைப் பிரித்து வைத்திருப்பேன்.

இதில் பெருமையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் தோட்டக்காரருக்குப் பாக்கி போனது. கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். வந்து இளநீர் குடித்தார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆனால் ராத்திரிச் சோறு இறங்காமல் போனதும் அந்த வாரத்திலிருந்துதான். ரோட்டில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பேன். சாவிக்காரர் எண்ணுகிற நாளில் நான் கக்கூசுக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன்.

வந்த பணத்தை, காங்கேயத்து மில்லுக்காரர் கொடுத்த அட்வான்ஸ் என்று சொல்லி அப்பா அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அப்படியே எழுதிக்கொண்டாள். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

“இதென்ன அட்வான்ஸ், வெள்ளிக்கெழமை தவறாம வருது? வியாழக்கெழமை மத்தியானம் அப்பா எங்க போறாரு?”

“தெரியலீங்கம்மா.”

அவள் என் முடியை இழுத்து இறுக்கிக் கட்டினாள். தலையில் ஒட்டியிருந்த கொப்பரைத் தூளை விரலால் எடுத்துப் பார்த்தாள். கொப்பரைக் களத்துப் பிள்ளையின் தலையில் கொப்பரைத் தூள் இருப்பது அதிசயமில்லை. ஊதிவிட்டாள்.

எட்டாவது வியாழக்கிழமை. அன்றைக்கு ஒரு மூட்டை வெளியே போயிருந்தது. அப்பா அதைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு லாரி செட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் உள்ளே அடுத்த மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது முன்பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. இரண்டு ஆண்கள்.

“ஏனுங்க, ஊட்டுல ஆருமில்லீங்களா?” இது சாவிக்காரரின் குரல். கொஞ்ச நேரம் கழித்து, “சந்தைக்குப் போயிருப்பாங்க. பரவால்ல, நாம வேலையப் பாக்கலாம்.”

பூட்டு திறக்கிற சத்தம். கதவு திறந்து வெளிச்சம் முன்வரிசை மூட்டைகள் மேல் விழுந்தது. நான் கடைசி வரிசைக்கும் சுவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டேன். சாக்கு ஊசியைக் கைக்குள் மூடிக்கொண்டதில் உள்ளங்கையில் குத்தியது. வாயைத் திறக்கவில்லை.

“வண்டு நெம்ப உளுந்திருச்சுங்க. பேங்க்குல சொல்லி மருந்து வெக்க உத்தரவு வாங்கினேன்” என்றார் சாவிக்காரர்.

கூட வந்தவர் மருந்துக்காரர். முகத்தில் துணி கட்டியிருப்பார் போல, குரல் அமுங்கி வந்தது. மூட்டைகளின் இடுக்கில் பொட்டலம் பொட்டலமாக எதையோ செருகிக்கொண்டே வந்தார். எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்றுவிட்டார். அவர் காலை நான் பார்த்தேன்.

“மூணு நாளைக்குத் தொறந்துபோடாதீங்க. எலிகூடப் பொளைக்காது” என்றார்.

கதவு மூடியது. பூட்டை மூன்று தடவை இழுக்கும் சத்தம். கதவின் அடி இடுக்கில் மண் வைத்துப் பூசினார்கள். அங்கே தெரிந்த வெளிச்சக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. பிறகு பின்பக்கம் மட்டைக் குவியல் மேல் யாரோ ஏறினார்கள். ஜன்னலில் சாக்கை அடைத்து அதன் மேலும் மண் அப்பினார்கள். அதோடு எனக்கு என் கை தெரியவில்லை.

சைக்கிள்கள் போய்விட்டன.

எத்தனை நேரம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அரை மணிக்கு மேல் இருக்காது என்று பிறகு கணக்குப் போட்டார்கள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் பூண்டு நசுக்கினதுபோல ஒரு வாசம், மெதுவாக. தலை வலித்தது. மூட்டைகள் மேல் ஏறி ஜன்னல் சாக்கைத் தள்ளிப் பார்த்தேன். என் கைக்கு அது அசையவில்லை. கத்த வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அப்பா நடந்து போவது தெரிந்தது. கத்தினால் ரோட்டில் போகிற யாராவது கேட்டு, பேங்க்கில் போய்ச் சொல்லுவார்கள். இறங்கிக் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா வந்துவிடுவார் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். லாரி செட்டில் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் அவர் பேச்சில் உட்கார்ந்துவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். சிறுநீர் போய்விட்டது. அதற்குக்கூடச் சத்தம் வராமல் இருக்க வேண்டுமே என்று தொடையை இறுக்கிக்கொண்டேன்.

வந்தது அப்பா இல்லை.

அன்று சந்தையில் அம்மா காங்கேயத்து மில்லின் ஏஜென்ட்டைப் பார்த்திருக்கிறாள். அட்வான்ஸுக்கு ரசீது வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். “அட்வான்ஸுங்களா? வந்த சரக்குக்குத்தானுங்க பணம் குடுத்தோம்” என்று அவர் சொன்னாராம். எந்தச் சரக்கு? காய்ந்த சரக்கெல்லாம் பேங்க் பூட்டுக்குள் இருக்கிறது. கூடையில் ஒரு கத்தரிக்காய்கூட வாங்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். நேரே குடோனுக்குப் போயிருக்கிறாள். கதவில் ஈர மண்ணும் மண்டையோடு போட்ட அட்டையும். சுற்றிக்கொண்டு பின்னால் போனால் மட்டைக் குவியலுக்கு அடியில் என் ரப்பர் செருப்பு. வார் அறுந்ததற்கு அவளே ஊக்குக் குத்திக் கொடுத்த செருப்பு.

கதவை யாரோ கையால் அறைந்தார்கள்.

“கண்ணு, உள்ள இருக்கறயா?”

அம்மாவின் குரல். நான் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்றுதானே அப்பா சொல்லியிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். விசத்தை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தேன். பெற்ற தாய் கூப்பிடுகிறாள், சும்மா இருந்தேன்.

அம்மா கதவை அறைவதை நிறுத்தினாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“பேச வேண்டாஞ் சாமி. உள்ள இருந்தா ஒரே ஒரு தட்டுத் தட்டு.”

தட்டினேன்.

தேங்காய் உரிக்கிற கடப்பாரை களத்தில் நட்டு வைத்திருக்கும். அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து பூட்டு மாட்டியிருந்த கொண்டியில் விட்டு நெம்பினாள். பேங்க்குக்காரர்கள் பேப்பரில் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் இரண்டு தடவை படித்துவிட்டுப் போடுகிறவள் அவள். பூட்டு உடையவில்லை. கதவிலிருந்து கொண்டி பிய்ந்து வந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. என்னை இழுத்துக் களத்து வெயிலில் போட்டாள். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா வெறும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். திறந்த கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சைக்கிள் கையை விட்டு விழுந்தது.

அம்மா கடப்பாரையைக் கீழே போடவில்லை. “எத்தன மூட்ட?” என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஈரமில்லாத இடத்தில் அந்த மருந்து நன்றாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் பிழைத்தேன் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அம்மா எங்களை பேங்க்குக்குக் கூட்டிப் போனாள். கொண்டி பிய்ந்த செய்தி அதற்கு முன்பே அங்கே போயிருந்தது.

மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்களை உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

“எவ்வளவு மூட்டை எடுத்தீங்க?”

“பதினொண்ணு இருக்குமுங்க சார்.”

அம்மா கணக்கு நோட்டைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். “வந்த பணத்துக்குப் பதினெட்டு ஆகுதுங்க. கடைசி நாள் போனது இதுல வரலீங்க.”

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீதானேம்மா உள்ளே போனது. எத்தனை?”

குடோனுக்குள் இருந்த பயம் வேறு, இது வேறு. இங்கே எல்லாம் வெளிச்சமாக இருந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பதினொன்று என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. ஒவ்வொரு மூட்டையையும் தைத்த கை என்னுடையது.

“பத்தொம்பதுங்க” என்றேன்.

மேனேஜர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். சாவிக்காரர் கதவோரம் நின்றிருந்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர் முன்னால் வந்தார்.

“சார், கம்பி வளஞ்சிருக்கறத நான் ஒரு மாசத்துக்கு முன்னாலயே பாத்துட்டனுங்க. கௌரவமான குடும்பம், அவரே சரி பண்ணிப்போடுவாருன்னு நெனச்சேன். கேட்டா மனசு நோகும்னு உட்டுட்டேன். உள்ள கொளந்தை போகும்னு நெனக்கலீங்க.” சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கு அதன் பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

மேனேஜர் அப்பாவிடம் சொன்னதுதான் இந்த வயதில் எனக்கு அதிகமாக உறைக்கிறது. “விலை விழுந்தா கொஞ்சம் கொஞ்சமா பணம் கட்டி, அஞ்சு மூட்டை பத்து மூட்டையா எடுத்துக்க வழி இருக்கே. வந்து கேட்டிருந்தா நானே எழுதிக் கொடுத்திருப்பேன். ஏன் கேட்கலை?”

“கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சுங்க” என்றார் அப்பா.

ஊரில் எல்லோரிடமும் பேசத் தெரிந்த மனிதர். பத்து நிமிசம் பேச வேண்டிய இடத்தில் கூச்சப்பட்டுவிட்டார்.

மேனேஜர் போலீசுக்குப் போகவில்லை. அதற்காக அவர் மேலிடத்தில் என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா களத்தில் பாதியை விற்றுப் பத்தொன்பது மூட்டைக்கும் பணம் கட்டினாள். மீதிக் கடன் அடைய நான்கு வருசம் ஆனது. அன்றிலிருந்து தொழில் அவள் பெயரில் நடந்தது. அப்பா காய் எண்ணுவார், ஆட்களுக்குக் கூலி கொடுப்பார். குடோன் வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே போய் நான் பார்த்ததில்லை. கடன் அடைந்து பேங்க் பூட்டு போன பிறகு சாவி எப்போதும் அம்மாவின் இடுப்பில் இருக்கும், கேட்டால் கொடுப்பாள். அவர் கேட்டதில்லை.

பேங்க்கிலிருந்து வெளியே வந்து ஆனைமலை பஸ் ஏறினோம். மத்தியான பஸ், கூட்டமில்லை. அம்மா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் அவளுக்குப் பின்னால். அப்பா டிக்கெட் வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான் உண்மையைச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்வார் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊர் தாண்டித் தோப்புகள் ஆரம்பித்ததும் கேட்டார்.

“கண்ணு, மருந்து வெச்சப்ப நீ ஏன் சத்தம் போடல?”

காரணம் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும், நான் வேறு எதையாவது சொல்ல மாட்டேனா என்று கேட்கிற குரல் அது. பத்து வயதிலும் எனக்கு அது புரிந்தது.

“தூங்கிப்போட்டேனுங்கப்பா” என்றேன்.

முன் சீட்டில் இருந்த அம்மாவுக்கு அது காதில் விழுந்தது. நான் தூங்கவில்லை என்று உலகத்திலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“தூங்குனதும் நல்லதாப் போச்சு சாமி” என்றார் அப்பா. என் தலைமேல் கையை வைத்தார். எங்கள் நிறுத்தம் வரும் வரை எடுக்கவில்லை.